பின் சீட்டுக்கு அடியில் இருந்த நம்பர்

பலாங்கொடை டவுனை விட்டு மலைக்கு ஏறும் ரோட்டில், தேயிலை தொடங்குவதற்குச் சற்று முன்னால், பரிமளத்தின் கராஜ் இருக்கிறது. கராஜ் என்றதும் பெரிதாக எண்ணிவிடக் கூடாது. நாலு இரும்புத் தூண், மேலே தகரம், கீழே எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன மண். பின்னால் ஒட்டினாற்போல ஒரு சின்ன வீடு. போர்டில் இன்னமும் 'விஜே டிங்கரிங்' என்றுதான் எழுதியிருக்கிறது. விஜே என்றால் விஜேந்திரன், அவளுடைய புருஷன். மோதி நசுங்கிய வாகனங்களைத் தட்டி, ஒட்டி, பழைய உருவத்துக்குக் கொண்டுவருவதில் அந்தப் பக்கத்தில் அவனுக்குப் பேர் இருந்தது. பக்கவாதம் வந்து விழுந்த பிறகு வலது கையும் காலும் அவனுடையதாக இல்லை. பேச்சும் போய்விட்டது. போனதில் எப்படியோ ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் தங்கியிருந்தது. 'சரி.' பசிக்கிறதா என்று கேட்டாலும் சரி, பசிக்கவில்லையா என்று கேட்டாலும் சரி.

அவன் விழுந்த அன்று கராஜில் ஒரு வேன் பாதி வேலையில் நின்றது. வேன்காரன் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனான். தகடு பிடித்துக் கொடுத்தும், பட்டி குழைத்துக் கொடுத்தும், உப்புத்தாள் தேய்த்தும் அவனோடு இத்தனை வருஷம் நின்றவள் என்பதால், மிச்ச வேலையைப் பரிமளமே முடித்துக் கொடுத்தாள். அடுத்ததாக ஒரு த்ரீவீலர் வந்தது. அதையும் செய்தாள். துணிச்சல், வைராக்கியம் என்றெல்லாம் பிறகு சனங்கள் சொன்னார்கள். உண்மையில் வேறு வழி யோசிக்கத் தெம்பில்லாமல்தான் அவள் அந்தத் தகரத்துக்குக் கீழேயே நின்றுவிட்டாள். வெல்டிங் மட்டும் அவளுக்கு ஓடாது. கண் தாங்குவதில்லை. அதற்கு டவுனில் இருந்து, விஜேந்திரனோடு முன்பு வேலை பார்த்த ஜுனைதீன் நானாவைக் கூப்பிடுவாள். நானா என்றால் அண்ணன்.

அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் அந்தக் காரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஷிஹாப் வாங்கிய பழைய வொக்ஸ்வேகன் அது. மேலே ஒரு தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டுக் கொட்டகையில், கோழிகள் முட்டையிடும் இடமாகப் பல வருஷம் கிடந்தது. அவர் காலமான பிறகு கனடாவில் இருக்கும் மகன் விற்றுவிட்டான். புது வாகனம் நாட்டுக்குள் வராத வருஷங்களில் பழைய வாகனத்துக்கு வந்த கிராக்கியில், ஷிஹாபுக்கும் ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. கூண்டு துருவில் பொரிந்து, டயர்கள் நசிந்து, லொறியில் இருந்து இறங்கும்போது கார் ஒரு நோயாளியைப் போல முனகியது. வீட்டுக்குள் ஒருவர் படுத்திருப்பது போதாதென்று இன்னொன்றா என்று பரிமளத்துக்குத் தோன்றியது.

"அக்கா, டிங்கர் வேல எல்லாம் பொறகு" என்றான் ஷிஹாப். "மொதல்ல நம்பர் ரெண்டையும் தேடி எடுக்கணும். செசி நம்பர், இஞ்சின் நம்பர். வண்டிப் புத்தகத்துல ஈக்கிற நம்பரும் வண்டியில ஈக்கிற நம்பரும் ஒத்து வந்தாத்தான் ரத்தினபுரி மோட்டார் ஒப்பீஸ்ல என்ட பேருக்கு மாத்துவாங்க. லைசன் இல்லாம கன காலம் கெடந்த வண்டி. கண்ணால பாத்துத்தான் எழுதுவாங்களாம்."

"ஒத்து வரலன்னா?"

"வெட்டி இரும்புக்குப் போட வேண்டியதுதான்."

"நம்பர் எங்க இருக்குன்னு தெரியுமாங்க தம்பி?"

"எனக்குத் தெரிஞ்சா ஒங்களட்ட ஏன் வாறன்?" என்று அவன் சிரித்தான். பரிமளம் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாதென்று இல்லை, காலையில் இருந்து புருஷனைத் தூக்கித் திருப்பிக் குளிப்பாட்டியதில் முதுகு விட்டுப்போயிருந்தது.

கேகாலையில் ஷிஹாபின் மச்சான் றினாஸ் இதே மாதிரி ஒரு கார் வைத்திருந்தான். அவன் தன் காரைப் படம் எடுத்து போனில் அனுப்பி, கூப்பிட்டும் விளக்கினான். முன்பக்க மூடியைத் திறந்து, மாற்றுச் சில்லை, அதாவது ஸ்பேர் டயரைக் கழற்றினால் அதன் பின்னால் ஒரு சின்னத் தகடு இருக்கும். அதில் செசி நம்பர், அதாவது அடிச்சட்டத்தின் நம்பர் இருக்கும். இஞ்சின் பின்னால் இருக்கிறது, அதில் டைனமோவுக்குக் கீழே இஞ்சின் உடம்பிலேயே நம்பர் அடித்திருக்கும். தகடு இல்லாவிட்டால் பயப்படத் தேவையில்லை, பின் சீட்டைத் தூக்கினால் காரின் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும் இரும்புக் குழாயின் மேல் அதே செசி நம்பர் குத்தியிருக்கும். அதுதான் உண்மையான நம்பர், தகட்டை யாரும் கழற்றி மாட்டலாம் என்றான்.

முன்மூடி லேசில் திறக்கவில்லை. திறந்தபோது உள்ளே எலி கட்டிய கூடும், மக்கிப்போன சாக்குத் துண்டும், பிசுபிசுத்த கோழி இறகும் கிடந்தன. மாற்றுச் சில்லு இருக்க வேண்டிய இடம் காலி. தகடு இருக்க வேண்டிய இடத்தில் தறையாணி போன ஓட்டைகள் மட்டும் தெரிந்தன. பரிமளம் அந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மூடியைச் சாத்திவிட்டு உள்ளே போய்ப் புருஷனுக்குக் கஞ்சி கொடுத்தாள்.

இஞ்சின் நம்பர் கிடைத்தது. டைனமோவுக்குக் கீழே கையை விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, கம்பி பிரஷால் தேய்த்தாள். கெட்டியாகப் படிந்த எண்ணெய் அழுக்கு தோலைப் போல உரிந்து வந்தது. உள்ளே எழுத்துகள் தெளிவாக இருந்தன. புத்தகத்தின் பிரதியை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒத்துப் பார்த்தாள். ஒத்து வரவில்லை. ஓர் எழுத்து இரண்டு எழுத்து மாறியிருந்தால் கண் பிசகு என்று சொல்லலாம். இது முழுக்க வேறு நம்பர். இந்தப் புத்தகத்துக்கும் இந்த இஞ்சினுக்கும் சம்பந்தமே இல்லை.

ஷிஹாபுக்கு அன்றைக்கே சொல்லவில்லை. மற்றதையும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள். இடையில் டவுன் பாடசாலை வேன் ஒன்று கதவு நசுங்கி வந்தது, அதைச் செய்தாள். மழை பெய்தால் பெயின்ட் அடிக்க முடியாது, வெயில் வந்தால் துணி காயப்போட வேண்டும். விஜேந்திரன் கட்டிலில் படுத்தபடி இடது கையால் சுவரில் தட்டுவான். தட்டும் சத்தத்தை வைத்தே தண்ணீருக்கா, சிறுநீருக்கா என்று அவளுக்குத் தெரியும் என்று மகள் சுஜீதா நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.

சுஜீதா கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். ஞாயிறுகளில் பேசுவாள்.

"அப்பாவ ஒரு ஹோம்ல விடலாமேம்மா. நீங்களும் விழுந்திட்டா நான் என்ன செய்றது?"

"தமிழ் பேசுற ஹோம் எங்கடி இருக்கு இங்க?"

"அப்பாவுக்குத் தமிழும் இல்ல சிங்களமும் இல்லயேம்மா இப்ப."

"மழைம்மா, சத்தம் கேக்கல" என்று பரிமளம் போனை வைத்துவிட்டாள்.

பின் சீட்டைத் தூக்கிய அன்று ஜுனைதீன் நானாவும் இருந்தார். காரின் தரைத்தகடு எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வந்திருந்தார். சீட்டின் உள்ளே இருந்த நார் கை பட்டதும் தூளாக உதிர்ந்தது. வலது பக்கம் பெட்டரி வைக்கும் இடம். எப்போதோ பெட்டரித் தண்ணீர் ஒழுகி, அந்தப் பக்கத் தரையை அரித்துத் தின்றிருந்தது. அந்த ஓட்டையை அடைத்து யாரோ ஒரு தகட்டை வைத்து வெல்டிங் பிடித்திருந்தார்கள். தகடு தரையோடு நிற்கவில்லை. நடுக்குழாயின் மேலும் ஏறி, அதன் முதுகை மூடிக்கொண்டு மறுபக்கம் வரை போயிருந்தது. றினாஸ் அனுப்பிய படத்தில் நம்பர் இருந்த இடம் எதுவோ அதன் மேலேதான் இந்தத் தகடு கிடந்தது.

ஜுனைதீன் நானா டோர்ச்சை அடித்துப் பார்த்தார். தகட்டின் நாலு மூலைகளும் வளைத்து வெட்டப்பட்டிருந்தன. கூர்மூலை வைத்தால் நாளைக்கு அங்கேதான் வெடிக்கும் என்று சொல்லி, காசு நாணயத்தை வைத்துக் கோடு கீறி மூலையை உருட்டி வெட்டும் ஆள் ஒருவனைத்தான் இருவருக்கும் தெரியும்.

"இது விஜேட வேல" என்றார் நானா கடைசியில்.

"ஆமாங்க நானா."

"கல்யாணத்துக்கு முந்தினதா ஈக்கும். எங்கட பழைய கராஜ்ல செஞ்சிருப்பான். இந்தத் தகடு அங்க வாங்குற சாதி."

பழைய கராஜ் என்று அவர் சொன்னது, இருவரும் இளவயதில் வேலை பார்த்த இடம். அது இப்போது இல்லை. அங்கே களவு வாகனங்களை வெட்டி ஒட்டி நம்பர் மாற்றியதாகப் பேச்சு வந்து, பொலிஸ் வந்து, முதலாளி பூட்டிவிட்டு ஊரைவிட்டே போனான். விஜேந்திரன் அதற்குச் சில மாதங்கள் முன்னாலேயே விலகியிருந்தான். ஏன் விலகினான் என்று அவன் பரிமளத்திடம் சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லை.

இப்போது கேட்டாள். "நானா, அங்க அந்த மாதிரி வேல நடந்தது உண்மையா?"

ஜுனைதீன் நானா டோர்ச்சை அணைத்தார். "நடந்திச்சு. நான் கண்டிருக்கன். பொய் சொல்லக் கூடாது."

"இவரு செஞ்சாரா?"

"அது எனக்குத் தெரியாது புள்ள. ராவையில நான் நிக்கிறதில்ல." தணிந்த குரலில் சொன்னார்: "இதக் கிண்டாம உட்டுட்டா என்ன? என்னட்ட நம்பர் குத்துற பஞ்ச் செட் ஒண்டு ஈக்கி. புத்தகத்துல ஈக்கிற நம்பர இந்தத் தகட்டு மேலயே குத்தி, கொஞ்சம் உப்புத் தண்ணி அடிச்சு வெச்சா, மாசத்துல துருப்பிடிச்சிரும். பழசாட்டமே ஈக்கும். ஷிஹாபுக்கும் வேல முடிஞ்சிரும், ஒனக்கும் எடம் காலி. விஜேட பேரும் வெளிய வராது."

அவர் கெட்ட மனிதர் இல்லை. விஜேந்திரன் விழுந்த மாதம் முழுக்கத் தன் வேலையை விட்டுவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். பரிமளத்தின் மீது இருந்த இரக்கத்தில்தான் சொன்னார். அது அவளுக்குத் தெரிந்ததால்தான் அந்த யோசனை உடனே மனதை விட்டுப் போகவில்லை.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் அவளுக்கு நன்றாக இல்லை. முன்பெல்லாம் புருஷனைத் துடைத்துவிடும்போது மனதில் ஒன்றும் ஓடாது. கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். இப்போது அந்தச் செத்துப்போன வலது கையைத் தூக்கிக் கக்கத்தைத் துடைக்கும்போது, இந்தக் கை என்னென்ன செய்ததோ என்று ஓடியது. கல்யாணமான புதிதில் அவன் இரவில் தூக்கத்தில் உளறுவான், திடுக்கிட்டு எழுந்து உட்காருவான். அப்போது அதைக் களைப்பு என்று நினைத்தாள். இப்போது அதற்கும் ஒரு காரணம் கற்பிக்கத் தொடங்கினாள். பொலிஸ் ஜீப் ரோட்டில் போனால் ஏன் கராஜுக்குள் நுழைந்துகொள்வான்? தோட்டத்துத் தமிழன், கலவரக் காலங்களைப் பார்த்தவன், ஜீப்பைப் பார்த்தால் யார்தான் உள்ளே போகமாட்டார்கள் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே என்று இருந்தது. அவனைக் கேட்டால் தீர்ந்துவிடும், ஆனால் பதில் சொல்ல அவனிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

ஒரு பிற்பகல் மழை கொட்டியது. வேலை ஓடவில்லை. தேங்காய்ப் பால் விட்ட கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"வெளிய ஒரு பழைய வொக்ஸ்வேகன் நிக்குது. டிஸ்பென்சர் ஐயாவோடது. நீங்க அதுல வேல செஞ்சிருக்கீங்க. நெனவு இருக்கா?"

"சரி" என்றான்.

"நடுக்குழாய் மேல தகடு வெச்சு மூடியிருக்கீங்க. நம்பர மறைக்கத்தான் மூடினீங்களா?"

"சரி."

"இல்லயா? மறைக்கலயா?"

"சரி."

"களவு காரா அது? சொல்லுங்க. களவு காரா, இல்லயா?"

"சரி, சரி" என்றான் அவன், இந்த முறை கொஞ்சம் வேகமாக. கண்கள் அவள் முகத்திலேயே நின்றன. அவனுக்குக் கேள்வி விளங்கியதா, அவளுடைய குரலின் கடுமை மட்டும் விளங்கியதா என்று தெரியவில்லை. வாயோரத்தில் கஞ்சி வழிந்தது.

பரிமளம் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். "எல்லாத்துக்கும் சரி. எல்லாத்துக்கும் சரி. இத்தன வருஷம் கூட இருந்தேனே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. வாய் இருந்தப்ப சொல்லியிருக்கலாமே." குரல் உயரவில்லை. உயர்த்தவும் தெம்பு இல்லை. அவன் இடது கையை நீட்டி அவளுடைய சட்டை நுனியைப் பிடித்தான். அவள் அதை விடுவித்துக்கொண்டு, வாயைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவப் போனாள். கழுவி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பீப்பாய்த் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் ஜுனைதீன் நானாவுக்குப் போன் போட்டாள். "பஞ்ச் வேணாங்க நானா. நான் தகட்ட வெட்டிப் பாக்குறேன்."

"வெட்டினாப் பொறகு மூட ஏலாது, தெரியுந்தானே?"

"தெரியுங்க."

"உள்ள வேற நம்பர் ஈந்திச்செண்டா?"

"இருந்தா இருக்கட்டும். ஷிஹாப் தம்பிகிட்ட சொல்லிட்டுக் காரக் கொண்டுபோகச் சொல்றேன்."

இதை அவள் நேர்மைக்காகச் செய்தாளா என்று கேட்டால், அவளே அப்படிச் சொல்லமாட்டாள். பஞ்ச் குத்திவிட்டால் அந்தத் தகடு கடைசிவரை மூடியே கிடக்கும். தினமும் அவனைக் குளிப்பாட்டுவாள், தினமும் அந்தக் கேள்வி ஓடும். அந்த அலுப்பை இன்னும் எத்தனை வருஷம் சுமப்பது? தகட்டை வெட்டுவது அதைவிட லேசு என்று பட்டது.

கிரைண்டர் வைத்தால் சட்டென்று முடியும். ஆனால் கிரைண்டர் ஆழம் பார்க்காது, நம்பரையும் சேர்த்து உழுதுவிடும். அதனால் வெல்டிங் ஓரத்தை அரத்தால் ராவி, உடைந்த ஹெக்ஸோ பிளேட்டின் நுனியால் கீறிக் கீறித்தான் எடுத்தாள். காருக்குள் குனிந்து கிடக்க வேண்டும், முதுகு அதிக நேரம் விடாது. கொஞ்சம் ராவுவாள், வந்து சோறு வடிப்பாள், திரும்பப் போய்க் கொஞ்சம் ராவுவாள். ஒரு நாள் காய்ச்சல் வந்து தொடவேயில்லை. இன்னொரு நாள் வேறு வேலை வந்தது. விஜேந்திரனுடைய வெல்டிங் லேசில் விடுகிற வெல்டிங்கும் இல்லை. இவ்வளவு உறுதியாகப் பிடிக்கத்தான் வேண்டுமா என்று அவள் அவனை ஏசிக்கொண்டே ராவினாள்.

கடைசியில் ஒரு மூலை விட்டது. உளியைக் கொடுத்து நெம்பினாள். தகடு கிறீச்சிட்டு மேலே எழும்பியது. கீழே சிவப்பு. துரு என்று நினைத்தாள். தொட்டுப் பார்த்தால் துரு இல்லை, ரெட் ஒக்சைட் பெயின்ட். குழாயின் பக்கவாட்டை அமிலம் தின்று சல்லடையாக்கியிருந்தது, அதற்காகத்தான் தகடு மேலே ஏறியிருக்கிறது. ஆனால் குழாயின் முதுகில் ஒரு கை அகலத்துக்குப் பெயின்டும் இல்லாமல், கெட்டி கிரீஸைத் தடவி, அதன் மேல் ஒரு துணித்துண்டை மடித்து வைத்திருந்தான். வெல்டிங் சூட்டில் துணி ஓரம் கருகியிருந்தது. கிரீஸ் உறைந்து மெழுகாகிப் போயிருந்தது.

மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தாள். பழைய பல்பிரஷால் மெல்லத் தேய்த்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. அவள் உடனே புத்தகத்தைத் தேடி ஓடவில்லை. ஒரு மெல்லிய தாளை அதன் மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து நிழலடித்தாள். தாளில் நம்பர் வெள்ளையாக விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கை கழுவி, முகம் கழுவி, ஸ்டூலில் உட்கார்ந்து, பிறகுதான் பிரதியை விரித்தாள்.

ஒத்து வந்தது. கடைசி எழுத்து மட்டும் அரிப்பில் பாதி போயிருந்தது, மூன்றா எட்டா என்று சொல்ல முடியவில்லை. புத்தகத்தில் மூன்று. மற்றதெல்லாம் வரிசை பிசகாமல் அதே நம்பர். அது களவு கார் இல்லை. டிஸ்பென்சருடைய காரேதான். பெட்டரி ஒழுகித் தரை போனது, விஜேந்திரன் அடைத்துக் கொடுத்தான், அடைக்கும்போது நம்பர் கெட்டுவிடாமல் கிரீஸ் பூசினான். அவ்வளவுதான் நடந்தது.

பரிமளம் உள்ளே போனாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. எழுப்பிச் சொல்லலாமா என்று நின்றாள். சொன்னால் என்ன சொல்வான் என்று தெரியும். எழுப்பவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இந்த நாட்கள் முழுக்க அவன் மீது கோபப்பட அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், நடந்தாள், வேலை செய்தாள். இப்போது அதுவும் கழன்றுவிட்டது. மிச்சம் இருந்தது அலுப்பு மட்டும்தான், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தாள். பகல் முழுக்கக் கீழே தொங்கி வீங்கியிருந்தது.

ஷிஹாப் வந்து பார்த்தான். செசி நம்பரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான், இஞ்சின் நம்பரைக் கேட்டு முகம் சுருங்கினான்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருக்கலாம் தம்பி. எனக்கு மனசு சரியில்ல" என்றாள். தகட்டைப் பற்றிய சந்தேகத்தையும் மறைக்காமல் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

காரை லொறியில் ஏற்றி ரத்தினபுரிக்குக் கொண்டுபோனார்கள். வேலை செய்தவரும் வந்தால் நல்லது என்று ஷிஹாப் கூப்பிட்டதால், ஜுனைதீன் நானாவின் மனைவியை விஜேந்திரனுக்குத் துணை வைத்துவிட்டுப் பரிமளமும் போனாள். பரிசோதகர் வருவதற்கு நெடுநேரம் வெயிலில் நின்றார்கள். வந்தவர் நடுவயதுக்காரர், அவரும் களைத்துப் போயிருந்தார், சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. சிங்களத்தில் பேசினார். பரிமளத்துக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வெட்டிய தகட்டையும் அவள் கொண்டுபோயிருந்தாள். எதற்காக மூடினது, எப்படித் திறந்தது என்று சொன்னாள். அவர் காருக்குள் தலையை விட்டு, நம்பர் மேல் சோக்கட்டியைத் தேய்த்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். கடைசி எழுத்தில் அவருடைய விரல் நின்றது. விரலை எடுத்துவிட்டு மறுபக்கமிருந்து பார்த்தார். ஷிஹாப் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"துனக்" என்றார் அவர். மூன்று.

இஞ்சினுக்கு அவர் முகம் சுளிக்கவில்லை. அந்தக் காலத்து வண்டியில் இஞ்சின் மாற்றாமல் இருந்தால்தான் அதிசயம் என்றார். ஆனால் மாற்றியதற்கு எழுத்தில் ஒன்று வேண்டும், பழைய சொந்தக்காரரின் பிள்ளையிடம் வாங்கி, சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, திரும்ப வரச் சொன்னார். நம்பர் இருக்கும் இடத்தை இனி வெல்டிங் பிடித்து மூட வேண்டாம், ஆணி போட்டுக் கழற்றக்கூடிய மாதிரி ஒரு மூடி செய்யுங்கள் என்றார். போகும்போது, "நல்ல வேளை, மேலே புதுசாகக் குத்தாமல் விட்டீர்கள். குத்தியிருந்தால் நான் வண்டியைத் திருப்பிக் கொடுத்திருக்க முடியாது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். பரிமளம் தரையைப் பார்த்தாள்.

கனடாவில் இருந்த மகனைப் பிடிப்பதற்கு நாளானது. அப்பா ஒருமுறை பெலிஹுல்ஓயாப் பக்கம் போனபோது இஞ்சின் இறுகிப்போய், வேறு ஒரு காரின் இஞ்சினை வாங்கிப் போட்டதாக அவனுக்கு நினைவிருந்தது. எழுதிக் கொடுத்தான். திரும்பவும் ரத்தினபுரி, திரும்பவும் காத்திருப்பு. பிறகு தரைத்தகடு, பட்டி, பெயின்ட். பால் கலந்த பச்சையில்தான் அடிக்க வேண்டும் என்று ஷிஹாப் பிடிவாதம் பிடித்தான். அந்த நிறத்தைக் குழைத்து எடுப்பதற்குள் பரிமளத்துக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லாம் முடிந்து அவனுடைய பேரில் புத்தகம் வந்தபோது தேயிலையில் வெயில் காலம் தொடங்கியிருந்தது.

கார் ஓடத் தொடங்கிய வாரத்தில் ஷிஹாப் வந்து, விஜேந்திரனுக்கு எப்போது கிளினிக் என்று கேட்டான். புதன்கிழமை என்றாள். "த்ரீவீலர் வேணாம், நான் கூட்டிப் போறன்" என்றான். வேண்டாம் என்று சொல்ல நினைத்தவள் தலையாட்டினாள்.

அந்தக் காருக்குப் பின்பக்கக் கதவு கிடையாது. விறைத்த காலோடு அவனைப் பின்னால் ஏற்ற வழியில்லை. ஷிஹாபும் அவளுமாகத் தூக்கி, முன் சீட்டில் உட்காரவைத்து, காலை மடக்க முடியாமல் சீட்டைத் தள்ளி, அதற்குப் பிறகு அவள் டிரைவர் பக்கத்தால் வளைந்து புகுந்து பின்னால் உட்கார்ந்தாள். விஜேந்திரன் ஜன்னல் பக்கம் சாய்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான். தான் அடைத்து ஒட்டிய காரில் போகிறோம் என்று அவனுக்குத் தெரிந்ததா என்று கண்டுபிடிக்க அவள் முயலவில்லை.

ஆஸ்பத்திரியில் வழக்கம் போலக் கூட்டம். சக்கர நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து அவனை உட்காரவைத்ததும், அவள் நம்பர் துண்டு எடுக்க வரிசைக்குப் போகத் திரும்பினாள். ஷிஹாப் அவள் கையில் இருந்த கிளினிக் குறிப்புக் கொப்பியை வாங்கிக்கொண்டான்.

"நீங்க இருங்க அக்கா. கூப்பிட்டா நான் சொல்றன்."

"கடைய விட்டுட்டு வந்திருக்கீங்க தம்பி."

"கடைக்கு ஒண்டும் வராது."

பரிமளம் சுவரோரத்து வாங்கில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு சிங்களக் கிழவி மூட்டையைத் தள்ளி இடம் கொடுத்தாள். எதிரே நாற்காலியில் விஜேந்திரனின் தலை தெரிந்தது, வரிசையில் ஷிஹாபின் நீலச் சட்டை தெரிந்தது. தாதி ஏதோ பெயரைக் கூப்பிட்டாள், அது வேறு யாருடையதோ. சுவர் குளிர்ச்சியாக இருந்தது. அவள் தலையைச் சாய்த்தாள், அப்படியே தூங்கிப்போனாள்.